ஆமை வருமுன் திறந்த திரை

அன்று குளக்கரை மருதமரத்தடியில் இருந்தவர்கள்: யானை, தேவாங்கு, கொக்கு, முயல், மரங்கொத்தி, ஆமை, நண்டு, கீரி. மொத்தம் எட்டு. நண்டின் உடம்பு பாதி வளைக்குள் இருந்தது. வாய் வெளியே இருந்ததால் அதை முழுதாகவே கணக்கில் சேர்த்தாகிவிட்டது.

மருதமரப் பொந்தில் ஒரு கணினி இருந்தது. காட்டுக்குள் அது எப்படி வந்தது என்று கேட்பவர்கள், நண்டு எப்படிப் பேசுகிறது என்றும் கேட்க வேண்டிவரும். கடிதம், மனு, வசவு எல்லாம் எழுதுவதற்கு அதில் கீரி ஒரு எடிட்டர் செய்து வைத்திருந்தது. பொந்தைத் தட்டினால் திரையில் எழுதும் ஜன்னல் திறக்கும். அதிலும் அவரவர் விருப்பப்படி. யானைக்குப் பெரிய எழுத்து. கொக்குக்கு ஒல்லி எழுத்து. இரவில் திரியும் தேவாங்குக்குக் கன்னங்கரேலென்று கறுப்புத் திரை. வெளிச்சம் பட்டால் அதற்குக் கண்ணில் நீர் கொட்டும்.

இந்த விருப்பங்களெல்லாம் அக்கரைப் புற்றில் இருந்தன. தட்டியவர் யாரென்று பார்த்து, அவருடைய விருப்பங்களைச் சுமந்து வருவது ஆமையின் வேலை. ஆமை, ஆமையைப் போலவே வந்தது.

பொந்தைக் குடைந்தது மரங்கொத்தி. யானை தலைமையிலான ஊர்க்கூட்டம் அந்தப் பொந்தைக் கீரிக்குக் குடியிருக்க வாங்கிக் கொடுத்திருந்தது. இப்போது புகார் மேல் புகார். நிலா எழுவதற்குள் எடிட்டர் ஒழுங்காக நடக்காவிட்டால் பொந்து மரங்கொத்திக்கே போய்விடும். கீரி பெண்டாட்டி பிள்ளைகளோடு வேலியோரம் படுக்க வேண்டியதுதான்.

கீரிக்கு வேகத்தின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. 'காக்க வைத்தால்தானே கோபம் வரும்? தட்டியதும் திறந்துவிடுவோம்' என்று நினைத்தது.

முதலில் தேவாங்கு தட்டியது. ஆமை கிளம்பக்கூட இல்லை. அதற்குள் திரை வெள்ளை வெளேரென்று திறந்தது. தேவாங்கு கிளையிலிருந்து நண்டின் மேல் விழுந்தது.

"ஐயோ, என் கண்ணு! ஏன்டா, பொந்துக்குள்ள சூரியனை வளர்க்கிறியா?"

"கொஞ்சம் பொறு அக்கா. ஆமை வந்ததும் கறுப்பாயிடும்."

"அதுக்குள்ள நான் குருடாயிடுவேன்."

"எழுந்திருச்சிட்டு ரெண்டு பேரும் பேசுங்க" என்றது அடியில் கிடந்த நண்டு.

அடுத்து கொக்கு. அதுவும் வெள்ளைத் திரையில் மளமளவென்று மீன் பங்கு மனுவை அடித்தது. பாதி மனுவில் ஆமை வந்து சேர்ந்தது. சட்டென்று எழுத்தெல்லாம் ஒல்லியாகி, வரிகள் மேலே ஏறிக் குதித்தன. திடுக்கிட்ட கொக்கின் அலகு அழிக்கும் பொத்தானில் போய்க் குத்தியது. மனு மொத்தமும் காணோம்.

"மனு போகட்டும். என்னைக் கோமாளி ஆக்கிட்டியே" என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்துபோனது.

கீரி உடனே மறுகோடிக்குத் தாவியது. "சரி, இனிமேல் ஆமை வந்தப்புறம்தான் திறக்கும். அதுவரைக்கும் ஒண்ணுமே தெரியாது."

யானை தட்டியது. ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தட்டியது.

"செத்துப்போச்சு போல. நான் வீட்டுக்குப் போறேன்" என்று முயல் கிளம்பிவிட்டது.

யானை ஆறு முறை தட்டிவிட்டது. ஆமை மூச்சிரைக்க வந்து இறங்கியதுதான் தாமதம், ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு ஜன்னல்கள் திறந்தன.

"ஒருத்திக்கு எதுக்குடா ஆறு?"

"நீங்க ஆறு தடவை தட்டினீங்க அத்தை."

"காதில விழுந்துச்சுன்னு காட்டியிருந்தா ஒண்ணோட நிறுத்தியிருப்பேனே."

மரங்கொத்தி பொந்து வாசலை அலகால் அளந்துகொண்டிருந்தது. "அடுப்பை இந்த மூலையில வைக்கலாம்" என்றது யாரையும் பார்க்காமல்.

"எல்லாரும் என்னையே ஏன் முறைக்கிறீங்க? புற்றை இங்க தூக்கிட்டு வந்து வைக்க வேண்டியதுதானே" என்றது ஆமை.

"உள்ள நாகம் இருக்கு அண்ணாச்சி. நீங்களே தூக்கிட்டு வாங்க" என்றது நண்டு.

நிலா எழப்போகும் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியது. பொந்துக்குள் கீரிக்குட்டிகள் ஒன்றை ஒன்று கடித்து விளையாடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுக் கீரி தேவாங்கிடம் வந்தது.

"அக்கா, ஆமை வர்ற வரைக்கும் உனக்கு என்னதான் வேணும்?"

"ஒண்ணுமே வேண்டாம். அந்த ஒண்ணுமில்லாததும் கறுப்பா இருந்தா போதும்."

கீரி சற்று நேரம் வாலைக் கடித்துக்கொண்டு நின்றது. பிறகு வேலையில் இறங்கியது. விருப்பமூட்டை முழுதும் அக்கரையிலேயே இருக்கட்டும். ஒவ்வொருவருடைய திரை நிறமும் ஜன்னல் அளவும் மட்டும் பொந்திலேயே இருக்கும்படி செய்தது. தட்டியதும் அந்த நிறத்தில், அந்த அளவில் வெறும் ஜன்னல் திறக்கும். மூலையில் 'கேட்டது, கொஞ்சம் பொறுங்கள்' என்று ஒரு மங்கலான வரி. அதற்குள் யாராவது அவசரப்பட்டு எழுதினால், எழுதியது தொலையாமல் ஓரமாகக் காத்திருக்கும். ஆமை வந்த பிறகுதான் எழுத்து திரைக்கு வரும்.

"ஆமை வராமலே போயிட்டா?" என்றது மரங்கொத்தி.

"சாதா எழுத்தோட திறக்கும். 'உங்க விருப்பம் இன்னும் வரல'ன்னு சொல்லியும் விடும். நிறம் மாறாது."

தேவாங்கு ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் தட்டியது. திரை இருட்டாகத் திறந்தது. விரலிடுக்கில் பார்த்தது. கையை எடுத்தது. ஏதோ அடித்தது. ஆமை வந்தது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது, ஒன்றும் குதிக்கவில்லை. எழுத்து மட்டும் மெல்ல வந்து உட்கார்ந்தது.

'கீரி, உன் மூஞ்சியும் இதே நிறத்தில் இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.'

யானை அதைப் படித்துவிட்டுத் தும்பிக்கைக்குள் சிரித்தது. பிறகு தானும் ஒரே ஒரு முறை தட்டியது. ஜன்னலும் ஒன்றே திறந்தது.

"பொந்து கீரிக்கே இருக்கட்டும்" என்றது யானை. அப்போதுதான் நிலாவின் விளிம்பு தெரிந்தது.

மரங்கொத்தி வேறு மரம் தேடிப் போய்விட்டது. கொக்கும் முயலும் அன்று திரும்பவில்லை. எட்டில் மூன்று கழிய, மருதமரத்தடியில் மீதி ஐந்து.

நாடி வந்தவரை நம் வேகத்தைக் காட்டி மிரட்டவும் கூடாது, வாய் திறக்காமல் வாசலில் நிறுத்தவும் கூடாது. முழுதும் தயாராகும்வரை அவருக்கு இதமானதைச் சிறிதளவேனும் முன்வைத்துக் காத்திருக்கச் சொல்ல வேண்டும்.