ஒரு விரல் ஓரம்

படம் பொருந்தவில்லை. மூன்று நாடுகள் ஒன்றாகிவிட்டன. அவற்றின் மூன்று வரைபடங்கள் மட்டும் ஒன்றாக மாட்டோம் என்றன.

எந்த அரசர், எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். மேற்கே மலைநாடு, கிழக்கே கரைநாடு, தெற்கே வயல்நாடு. அது போதும். மூன்றும் ஒரே கொடியின் கீழ் வந்து ஓராண்டு நிறைகிறது. தைப் பௌர்ணமிக்கு விழா. புதிய நாட்டின் படத்தை அரண்மனை வாசலில் மாட்டுவார்கள். படத்தில் உள்ள ஊர் ஒவ்வொன்றும் தன் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து புதுக் குளத்தில் ஊற்ற வேண்டும். படத்தில் இல்லாத ஊருக்கு அழைப்பு இல்லை.

படம் எழுதும் பொறுப்பு கோதையம்மையுடையது. அவளுக்கு நாற்பது வயது இருக்கும். அவளுடைய சீடர் மல்லையருக்கு அறுபது தாண்டிவிட்டது. மலைநாட்டு எல்லைக் காவலில் தளபதியாக இருந்தவர். எல்லை போனதும் வேலையும் போயிற்று. வீட்டில் உட்காரத் தெரியாமல் படம் எழுதக் கற்றுக்கொள்ள வந்துவிட்டார். கை நடுங்கும். பிடிவாதம் நடுங்காது.

பழைய படங்கள் மூன்றையும் இணைப்பதுதான் அவருக்குக் கிடைத்த முதல் தனி வேலை. அதில் தேறாவிட்டால் மறுபடி வீட்டுக்குப் போய் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்துப் படக்காரர்களுக்கு ஒரு பழக்கம். எல்லைவரை வரைய மாட்டார்கள். பகைவன் மண்ணில் மை பட்டால் தலை போகும். அதனால் ஓரத்தில் ஒரு விரல் அகலத்தை வெறும் தாளாக விட்டுவிடுவார்கள். மல்லையர் பார்த்தார். வெறும் தாள் எதற்கு? கோடு பிடித்தாற்போல் வெட்டி எறிந்துவிட்டு மூன்றையும் ஒட்டினார். அணிவகுப்பு மாதிரி வந்தது. ஆறு மட்டும் மலைநாட்டில் ஓரிடத்தில் முடிந்து, கரைநாட்டில் வேறொரு இடத்தில் தொடங்கியது.

அந்த வாரமே புன்னைவெளியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். மூன்று எல்லைகளும் முட்டும் இடத்தில் இருக்கிற ஊர். முன்னால் வந்தவள் மருதாயி, பேரன் பேத்தி எடுத்தவள். ஊர் ஊராக முரசு அறைந்தார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாள். படத்தின் மேல் விரலை ஓட்டித் தேடினாள். மேலே தேடினாள், கீழே தேடினாள்.

"எங்க ஊரை யாரு சாப்பிட்டது?" என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மல்லையர் சிரிக்கவில்லை.

கோதையம்மை குனிந்து, மூலையில் கிடந்த வெட்டிய ஓரங்களைப் பொறுக்கினாள்.

"இதை ஏன் வெட்டினீர்?"

"அதில் ஒன்றும் இல்லை, அம்மா."

அவள் அந்தத் தாள்களை மருதாயியிடம் நீட்டினாள். "இந்தா, உன் ஊர்."

மருதாயி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மல்லையருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நெடுநாளாக மனத்தை அரித்த கேள்வியை அப்போதே கேட்டுவிட்டார்.

"ஆயுசில் பாதி அந்த எல்லையில் நின்றேன், அம்மா. ஒரு கோட்டை விழவில்லை. ஒரு படை தோற்கவில்லை. மூன்று நாடுகள் எப்படி ஒன்றாயின? என் கண்ணெதிரே நடந்ததை நான் எப்படிப் பார்க்காமல் போனேன்?"

அவள் பெட்டியைத் திறந்து இன்னும் பழைய படங்களை எடுத்துத் தரையில் விரித்தாள். கொள்ளுத்தாத்தா காலத்தது ஒன்று, தாத்தா காலத்தது ஒன்று, அப்பா காலத்தது ஒன்று.

"ஓரத்தைப் பாரும்."

மல்லையர் மண்டியிட்டு விரலை வைத்து அளந்தார். முதல் படத்தில் வெறும் ஓரம் ஒரு சாண். அடுத்ததில் நாலு விரல். அதற்கடுத்ததில் இரண்டு. அவர் வெட்டி எறிந்தது ஒரு விரல்.

"குறைந்துகொண்டே வருகிறதே. எந்த அரசர் குறைத்தார்?"

"படக்காரன் பயமில்லாமல் எதுவரை நடந்தானோ அதுவரை வரைந்தான்."

"பயம் ஏன் குறைந்தது?"

"என்னைக் கேட்டால்? எல்லையில் நின்றது நீர். இவர்களோடு போம். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுதிக்கொண்டு வாரும்."

போனார். வழியெல்லாம் கேலிதான். மருதாயி அவரை ஊர்க்காரர்களுக்கு அறிமுகம் செய்த விதமே தனி. "இவருதான் நம்ம செருப்புத் தளபதி."

ஊரே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னார்கள். எல்லையைத் தாண்டக் கூடாதென்று சட்டம் இருந்த நாளிலும் மலைநாட்டுப் பெண் கரைநாட்டுக்கும், கரைநாட்டுப் பெண் வயல்நாட்டுக்கும் இந்த வழியாகத்தான் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். மேளம் இல்லை, தாளம் இல்லை. இருட்டிலும் இல்லை, நல்ல பகலில். மாலையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு காவல் மேட்டுக்குக் கீழே நடக்கும்போதெல்லாம், மேலே நின்ற தளபதிக்குச் சொல்லிவைத்தாற்போல் செருப்பு வார் அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டுவார். கூட்டம் கடந்து போகிறவரை கட்டிக்கொண்டே இருப்பார்.

"நான் போனப்போ ரெண்டு செருப்பையும் கட்டினீங்க," என்றாள் மருதாயி. "எங்க மாமியாரு மெதுவா நடப்பா."

மல்லையருக்குக் காது சிவந்துபோயிற்று. யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

அன்று சம்பந்தி விருந்துபோல அவருக்குச் சோறு போட்டார்கள். மருதாயி இடுப்பிலிருந்த தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் ஊரைச் சுற்றி நடந்து நடந்து அவற்றில் எழுதினார். ஆறு அங்கே பெரிதாக வளைந்து திரும்பியது. கிணறு, புன்னைத் தோப்பு, வீடுகள், காவல் மேட்டை ஒட்டிப் போன ஒற்றையடிப் பாதை. இடம் போதவில்லை. ஒன்றும் இல்லை என்று வெட்டிய தாளில் இடம் போதவில்லை.

திரும்பி வந்து, ஒட்டியிருந்த படங்களைப் பிரித்தார். ஓரங்களை நடுவில் வைத்து மறுபடி ஒட்டினார். ஆறு ஆற்றோடு சேர்ந்தது. படம் பொருந்தியது. புன்னைவெளிக்கு முரசு போயிற்று.

விழாவன்று காலை மருதாயி குடத்தோடு வந்து, படத்தில் தன் வீட்டைக் கண்டுபிடித்து, கூரையில் ஓட்டை இருக்கிறதே அதை ஏன் வரையவில்லை என்று சண்டை பிடித்தாள். மல்லையர் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். குளக்கரையில் ஒரே மேளச் சத்தம்.

படத்தின் கீழ் மூலை இன்னும் காலியாக இருந்தது. நாடுகளைச் சேர்த்தவர் பெயரை அங்கே எழுதுவது மரபு. மல்லையர் தூரிகையை நனைத்துக்கொண்டார்.

"அரசர் பெயர்தானே, அம்மா?"

"அரசர் வரும்போது ஒரு விரல்தான் பாக்கி இருந்தது."

"அப்படியானால் அந்த மணப்பெண்கள் பெயரா? அத்தனை பேருக்கும் இடம் இல்லையே."

"அவர்களைத்தான் கேட்டேன், குளக்கரையில். மூன்று நாட்டுக்காரிகளும் ஒரே பெயரைச் சொன்னார்கள்."

"யாராம்?"

கோதையம்மை அவர் காலைப் பார்த்தாள். வார் இறுக்கமாகத்தான் கட்டியிருந்தது.

"எழுதும். மல்லையர்."