ராஜாவின் கருவாட்டுக் குழம்பு

கருவாடு தின்றால் ஜனங்களுக்கு உடம்பு கெட்டுப்போகுமாம். அப்படிச் சொல்லித்தான் திருமேனிபுரத்து ராஜா அதற்குத் தடை போட்டார். மீறினால் சவுக்கடி. அரண்மனையில் ருசிபார்க்கும் பேச்சிமுத்து வீட்டுச் சட்டியைக்கூடக் காவலர்கள் குழம்போடு போட்டு உடைத்தார்கள்.

மறுநாள் மதியம் ராஜாவின் இலைக்கு மட்டும் கருவாட்டுக் குழம்பு வந்தது. ராஜாவுக்கு விஷ பயம். பேச்சிமுத்து ஒரு வாய் தின்று காட்டாமல் எதையும் தொடமாட்டார். அவனோ கைகட்டி நின்றான்.

“தின்னுடா. உனக்குச் சவுக்கடி கிடையாது.”

“அடிக்குப் பயப்படல, மகாராஜா. தின்னதும் நான் சுருண்டு விழுந்தா, விஷத்தால விழுந்தேனா, கருவாட்டால விழுந்தேனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பக்கத்தில் சாப்பிட்ட மந்திரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குழம்பு வாசனை ராஜாவின் மூக்கைத் துளைத்தது.

“அட மடையா, கருவாடு தின்னு எவன்டா செத்தான்? அது யாரையும் ஒண்ணும் செய்யாது. தின்னு.”

பேச்சிமுத்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, வாசலில் உத்தரவுக்கு நின்ற தண்டோராக்காரனிடம் திரும்பினான்.

“ராஜா சொன்னது காதுல விழுந்துச்சா? போய்த் தெருத்தெருவா அடி. நான் மெதுவா மென்னுக்கிட்டிருக்கேன்.”

கடைசித் தெருவில் தண்டோரா ஓயும்வரை அவன் அதை விழுங்கவே இல்லை. ராஜா இலையைப் பார்த்தபடி காத்திருந்தார்.