பொய் கண்டால் நடுங்கும் கிண்ணம்

கடலுக்கு நடுவே மதித்தீவு என்று ஒரு நாடு. அங்கே அரண்மனையைவிட ஆராய்ச்சிச் சாலைதான் உயரம். கத்தரிக்காயாக இருந்தாலும் காற்றாடியாக இருந்தாலும் சோதித்துப் பார்த்த பிறகுதான் சந்தைக்கு வரும். மன்னர் தேர்மாறன் போட்ட சட்டம் அது. மக்களும் சுகமாகத்தான் இருந்தார்கள்.

அவர் அவையில் வெண்ணி என்றொரு பெண். பூசணிக்காயை மலையாக்கிப் பேசி அரசரைச் சிரிக்க வைப்பது அவள் வேலை. தலைமை ஆராய்ச்சியாளர் பேரெயிலாரின் தாடியைக்கூட அவள் விட்டு வைக்கவில்லை. அவருக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை.

ஒருநாள் அவர் ஒரு வெண்கலக் கிண்ணத்தோடு அவைக்கு வந்தார். அதில் நீர் நிரப்பி, விரலை வைத்துக்கொண்டு பொய் சொன்னால் நீர் நடுங்குமாம். அறிவை வளர்க்கும் நாட்டில் பொய்யருக்கு இடமில்லை, நீரை நடுங்க வைப்பவர்களைப் படகேற்றி அனுப்பிவிட வேண்டும் என்றார். அரசருக்கு யோசனை பிடித்துப் போயிற்று.

"வெண்ணியிடமிருந்தே தொடங்கலாமே," என்றார் பேரெயிலார், தாடியைத் தடவியபடி.

பொய்யை எடுத்துவிட்டால் வெண்ணியின் பேச்சில் மிஞ்சுவது வணக்கம் மட்டும்தான். படகேறினால் போய் இறங்க வேறு ஊரும் இல்லை. ஆனாலும் கிண்ணத்தருகே போய்க் கும்பிட்டு நின்றாள்.

"அரசே, புதுத் தராசு வந்தால் முதலில் என்ன செய்வோம்?"

"எடை தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்போம். அதுவும் தராசைச் செய்தவரே வைக்க வேண்டும். நான் போட்ட சட்டமாயிற்றே."

"அப்படியானால் இதற்கும் பதில் தெரிந்த கேள்வி ஒன்று வேண்டும். ஐயாவே விரல் வைக்கட்டும்."

பேரெயிலார் மறுக்க வழியில்லை. விரலை வைத்தார். நீர் கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது.

வெண்ணி மெல்லக் கேட்டாள். "நேற்று மாலை அரசர் வீணை வாசித்தாரே, எப்படி இருந்தது?"

அவையே குனிந்து தரையைப் பார்த்தது. அந்தத் தீவில் யாரும் சோதித்துப் பார்க்கத் துணியாத ஒரே பொருள் அந்த வீணைதான். அரசர் வாசிப்பார். எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

"அது... தேன் மாதிரி..." என்று ஆரம்பித்தார் பேரெயிலார். கிண்ணத்து நீர் குலுங்கி, விளிம்பைத் தாண்டி, அவர் வேட்டியை நனைத்தது.

அரசர் நீரைப் பார்த்தார். பேரெயிலாரைப் பார்த்தார். அரசரின் முகம் போன போக்கில் வெண்ணி மனதுக்குள் மூட்டை கட்டவே தொடங்கிவிட்டாள். நல்லவேளை, அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கருவியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதை அவையில் வைத்தால் நாளைக்கு என் வீணையைக் கேட்கத் தீவில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். எடுத்துப் பரணில் போடுங்கள்," என்றார். பிறகு வெண்ணியை அழைத்தார். "உனக்குப் பரிசு தர வேண்டுமே. இனி ஓராண்டுக்கு நீ வீணை கேட்க வர வேண்டாம்."

அவை முழுதும் அவளைப் பொறாமையோடு பார்த்தது. பேரெயிலார் ஈர வேட்டியைப் பிழிந்தபடி முன்னே வந்து பணிவாகக் கனைத்தார்.

"அரசே, இந்தச் சோதனையில் அடியேனுக்கும் பங்கு உண்டு."