ஸ்பின்ஸ்டர் பேச்சியம்மாள்

வைகைக் கரையிலிருந்த ஒரு பஞ்சாலையில் தேவசகாயம் என்றொரு குமாஸ்தா இருந்தார். அவருடைய ஆங்கிலத்தை மேனேஜர் துரையே மெச்சுவார். மெச்சிய அன்றைக்கு வீட்டில் மனைவியிடம் இரண்டு தரம் சொல்லிக் காட்டுவார்.

நாற்பத்தொன்றாம் வருடம் கார்த்திகையில், நூற்புப் பிரிவில் வேலை செய்த பேச்சியம்மாளுக்கு மலேயாவிலிருந்து கடிதம் வந்தது. ரப்பர்த் தோட்டத்திலிருந்த அவள் கணவன் சுடலைமுத்து, உடனே புறப்பட்டு வரச் சொல்லியிருந்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேற ஆலையின் சான்றிதழ் வேண்டும். தேவசகாயம் எழுதிக் கொடுத்தார். பெயரை அடுத்து, அவள் தொழிலைக் குறிக்க, 'ஸ்பின்ஸ்டர்' என்று எழுதினார். அவரிடமிருந்த பழைய அகராதியில் அதற்கு 'நூல் நூற்பவள்' என்ற ஒரு பொருள்தான் இருந்தது. துரை படிக்காமலே கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை அவள் நாகப்பட்டினத்திலிருந்து திரும்பி வந்து நின்றாள்.

"வெரட்டி விட்டுட்டாங்க, கிளார்க்கய்யா. இதுல எழுதியிருக்கறது நெசமான்னு ஆபீசர் கேட்டாரு. எங்க கிளார்க்கய்யா பொய் எழுத மாட்டாரு, நெசந்தான்னேன். அப்ப ஒங் கழுத்துல கெடக்கறது யாரு கட்டுன தாலின்னு அத்தன பேரு முன்னால கேட்டாருய்யா."

அன்று மாலை தேவசகாயம் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினார். நூற்றுப் பிழைத்தவர்களில் கலியாணமாகாத பெண்கள் அதிகம் என்பதால், அந்தச் சொல் நாளடைவில் அவர்களைக் குறிக்கத் தொடங்கியதாம். பிறகு, பஞ்சையே தொட்டறியாதவளாக இருந்தாலும், மணமாகாதவள் என்றால் சட்டத்தாள்களில் பெயரை அடுத்து அதையே எழுதினார்களாம்.

சனிக்கிழமை காலை கப்பல். ஒரு வரி திருத்தினால் போதும். ஆனால், தன் ஆங்கிலத்தில் பிழை என்று துரையிடம் சொல்லவேண்டுமே! செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. "துரைக்கு வேலை ஜாஸ்தி, பேச்சி. நாளைக்குப் பார்ப்போம்" என்றார். வெள்ளி மாலைதான் வாய் திறந்தார். துரை சிரித்தார். அரை நிமிடத்தில் புதுச் சான்றிதழில் கையெழுத்தானது.

பேச்சியம்மாள் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பல் கிளம்பியிருந்தது. அடுத்த கப்பலுக்குள் ஜப்பான் சண்டை வந்து கடல்வழி அடைபட்டது. அதன்பின் சுடலைமுத்துவிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

குமாஸ்தா பழைய பொருளில் எழுதினார். அதிகாரி புதிய பொருளில் படித்தார், தாலியைப் பார்த்தும் தாளையே நம்பினார். துரையோ படிக்கவே இல்லை. எழுதியிருப்பது இன்னதென்று தெரியாமலே நெசம் என்றாள் பேச்சியம்மாள். சொல்லுங்கள், அவளை அவள் கணவனிடமிருந்து பிரித்தது யார்?

விடை: இந்த நாலு பேர் செய்ததையும் செவ்வாய்க்கிழமையே சரிசெய்திருக்கலாம். பொருள் தெரிந்த பிறகும் தேவசகாயம் பேசாதிருந்த நாட்களைத்தான் எதைக் கொண்டும் சரிசெய்ய முடியவில்லை. இந்த விடை அவரே கண்டது. சண்டை ஓய்ந்த வருடம் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க சொன்னதுக்குத் தொர என்னய்யா சொன்னாரு?" என்றாள்.

"சிரிச்சார்."

"அம்புட்டுத்தானா?" என்றாள் பேச்சியம்மாள்.