தொழுவத்துக்கு ஒரு முக்காலி

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்கும் பொழுது போகாமல் இருந்த ஒரு நாட்டில், குவலயவர்மன் என்ற அரசருக்குத் தம் கையாலேயே பால் கறந்து குடிக்கும் ஆசை வந்துவிட்டது. யார் தடுப்பது? குந்தி உட்காரத்தான் தொந்தி விடவில்லை. ஆகவே தேக்கில் நாலு கால் ஆசனம் ஒன்று தொழுவத்துக்கு வந்தது. கருங்கல் பாவிய தரையோ மேடும் பள்ளமும். ஆசனம் ‘டக் டக்’ என்று ஆட, செவலைப் பசு மிரண்டு போய், விட்டது ஒரு உதை! செம்புப் பாலும் அரசர் மடியில் கவிழ்ந்தது.

தச்சர்கள் ஓடி வந்து ஒரு காலைச் செதுக்கினார்கள். மறுநாள் வேறு கல்லில் போட்டால் மறுபடி ஆடும், மறுபடி செதுக்குவார்கள். கடைசியில் ஆசனம் சாப்பாட்டு மணையாகிவிட்டது.

அதைப் பார்த்து அரசவை விகடகவி கொன்றையன் வாய்விட்டுச் சிரித்தான். அவன்மேல் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்த அரண்மனை அதிகாரி மல்லராயர் சும்மா விடுவாரா?

“அரசே! எந்தக் கல்லில் போட்டாலும் ஆடாத ஆசனத்தை இவனே செய்யட்டும். ஆடினால் நாட்டை விட்டுப் போகட்டும்!”

“அப்படியே ஆகட்டும்” என்றார் அரசர், உதைபட்ட தொடையைத் தடவியபடி.

வீட்டில் மனைவி பூங்காவி பிடித்துக்கொண்டாள். “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீரா? பிள்ளைத்தாய்ச்சியை இழுத்துக்கிட்டு எந்த ஊருக்குப் போறது?”

அவள் பேசிக்கொண்டே கொல்லைப்புறக் கரடுமுரடான தரையில் மூன்று கல்லைப் போட்டு, சோற்றுப் பானையை ஏற்றினாள். பானை அசையவே இல்லை.

“அடி என் ராசாத்தி!” என்று துள்ளினான் கொன்றையன்.

பலாப்பலகையில் மூன்று துளைகளைச் சாய்வாகத் தோண்டி, கால்கள் அகன்று நிற்கும்படி அடித்து இறுக்கினான். காலையில் முக்காலியைத் தொழுவத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அவன் தலை மறைந்ததும் மல்லராயர் ஒரு காலில் இரண்டு விரல் அளவு அறுத்து, அந்தத் துண்டை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டார்.

கொன்றையன் குளித்துத் திரும்பினான்; அரசரும் வந்தார். “மூன்றே காலா?”

“அரசர் ஆசனத்தில் ஒரு கால் குறைவா! என்ன அவமதிப்பு!” என்று பதறினார் மல்லராயர்.

“செவலை காலை எண்ணிப் பார்த்து உதைப்பதில்லை, அரசே” என்றபடி முக்காலியைத் தூக்கி அரசர் முன் வைத்தான் கொன்றையன். அது ஒரு பக்கம் சாய்ந்தது. குனிந்து பார்த்தான். ஒரு கால் நுனி புதுவெட்டாக வெளுத்திருந்தது. மெல்ல அழுத்திப் பார்த்தான். சாய்ந்ததே தவிர ஆடவில்லை! போன உயிர் திரும்பி வந்தது.

“அரசே, ராயரே உட்கார்ந்து சோதிக்கட்டும். ஆடினால் இப்போதே மூட்டை கட்டுகிறேன்.”

மல்லராயர் தொப்பென்று உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் குலுக்கிப் பார்த்தார். முக்காலி அசையவில்லை. அவர் மடியிலிருந்த மரத்துண்டுதான் ‘டொக்’கென்று கல்லில் விழுந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள்; மல்லராயருக்கு வியர்த்துக் கொட்டியது.

கொன்றையன் துண்டை எடுத்துக் குட்டைக்காலுக்கு அடியில் வைத்தான். பலகை சமமானது.

“ஆடாமலிருக்க அறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆடவைக்க அறுத்தவர் நீர் ஒருவர்தான், ராயரே!”

அரசர் தொந்தி குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிக் கொன்றையன் கழுத்தில் போட்டார். “உன் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பால் வேண்டுமே!” என்று ஒரு கறவைப் பசுவையும் கொடுத்தார். பிறகு திரும்பி, “ராயரே, இனி தினமும் இந்த முக்காலியை நீர்தான் தொழுவத்துக்குத் தூக்கி வர வேண்டும்” என்றார்.

“பாரமே தெரியாது, ராயரே!” என்றான் கொன்றையன். “முன்யோசனையோடு ஒரு துண்டைக் குறைத்து வைத்திருக்கிறீரே!”