பானையைக் கண்டு ஓடிய வாத்து

முன்னொரு காலத்தில், கடல் உப்புக் கரிக்க ஆரம்பித்து அதிக நாள் ஆகாத காலத்தில், முத்துக்கழி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே ஆறு போய்க் கடலில் சேரும் கழிமுகத்தில் வெள்ளையம்மாவும் அவள் புருஷன் சடையாண்டியும் காட்டு வாத்து பிடித்துப் பிழைத்துவந்தார்கள். வில் கிடையாது, வலை கிடையாது. கொஞ்சம் மண்பானைகள், அவ்வளவுதான்.

பானையை வைத்து எப்படி வாத்து பிடிப்பது என்றுதானே கேட்கிறீர்கள்? ஐப்பசி மழையோடு வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கியதும், வெறும் பானைகளைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். வாத்துகள் முதலில் மிரளும். அப்புறம், "பானை வருது, பானை போகுது, நமக்கென்ன வந்தது?" என்று மேய ஆரம்பித்துவிடும். அந்த நேரம் பார்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் மெல்ல நடந்துபோய், கீழேயிருந்து காலைப் பிடித்து ஒரே இழு!

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தில் முதன்முதலாகப் பிடிபடும் வாத்து ஆற்றுக்குச் சொந்தம். தலையைத் தடவிக்கொடுத்து விட்டுவிட வேண்டும்.

அந்த முதல் வாத்துதான் மந்திரவாதி மாயப்பனுக்கு வேண்டியிருந்தது. அதைச் சாப்பிட்டால் சாவே வராது என்று யாரோ அவனுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மீசையைக் காதுவரை முறுக்கிவிட்டுக்கொண்டு கரைக்கு வந்தான்.

"எங்கடா என் வாத்து?"

"ஆத்துல விட்டாச்சு சாமி. ரெண்டாவது பிடிக்கிறதத் தர்றேன். நல்லாக் கொழுத்ததாப் பாத்துத் தர்றேன்" என்றான் சடையாண்டி.

"என் வாத்தை விட்டுட்டியா? அப்ப அது போன எடத்துக்கு நீயும் போ!"

மாயப்பன் ஒரு பிடி சாம்பலை ஊதினான். சடையாண்டி நின்ற இடத்தில் ஒரு வாத்து நின்று திருதிருவென்று விழித்தது. மாயப்பன் கைதட்டி விரட்ட, அது பறந்துபோய் ஆயிரமாயிரம் வாத்துகளுக்கு நடுவே இறங்கிவிட்டது. எல்லாம் ஒரே அச்சு!

வெள்ளையம்மா அழுதாள், கும்பிட்டாள், இரண்டுக்கும் அவன் மசியாமல் போகவே வாய்க்கு வந்தபடி ஏசினாள். மாயப்பனுக்குச் சிரிப்பு வந்தது.

"நீதான் பெரிய வேட்டைக்காரியாச்சே! தண்ணிக்குள்ள உன் புருஷன் காலைப் பிடிச்சுப் பாரு. பிடிச்சிட்டா அவன் மனுஷன், நான் வாத்து. ஆனா மூணே தரம்தான். மூணும் தப்பிச்சுன்னா, தெக்கத்திக் காத்து கிளம்புறப்ப அவனும் கூட்டத்தோட வடக்கே போயிடுவான்!"

வெள்ளையம்மா பானையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். சடையாண்டி உட்கார்ந்த இடத்திலேயே உறங்கிப்போகிற ஆள். ஆகவே தூங்கி வழிந்துகொண்டிருந்த ஒரு வாத்தைத் தேடிப் போனாள். பானை வருது, பானை போகுது, நமக்கென்ன வந்தது? காலைப் பிடித்தாள். அது அவள் விரலைக் கொத்தியது. அவன் இல்லை.

சடையாண்டிக்குக் கழுத்தில் ஒரு மச்சம் உண்டு. கழுத்தில் கருப்புப் புள்ளி வைத்த வாத்தைத் தேடிப் போனாள். பானை வருது, பானை போகுது, நமக்கென்ன வந்தது? காலைப் பிடித்தாள். புள்ளி சேறாகக் கரைந்து ஓடியது. அதுவும் அவன் இல்லை.

மிச்சம் ஒரே தரம். தேடித் தேடியே மாதங்கள் ஓடி, தெற்கத்திக் காற்றும் கிளம்பிவிட்டது. வாத்துகள் சிறகை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தன. வெள்ளையம்மா பானைக்குள்ளேயே விம்மி விம்மி அழுதாள்.

அழுதபடியே ஓட்டை வழியாகப் பார்த்தாள். வெறும் பானைகள்மேல் வாத்துகள் ஏறி உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் எந்தப் பானைப் பக்கமும் வரவில்லை. இவள் கிழக்கே நடந்தால் அது மேற்கே போனது. மேற்கே நடந்தால் கிழக்கே பாய்ந்தது.

'பானையைக் கண்டு எந்த வாத்து பயப்படும்? உள்ளே தலை இருக்குமென்று தெரிந்த வாத்துதான் பயப்படும்!' அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'அட மனுஷா, எவனோ குழம்பு வைக்க வர்றான்னு நெனச்சு என்னைக் கண்டே ஓடுறியா?'

ஓடுகிறவனை எப்படிப் பிடிப்பது? எந்த வேட்டைக்காரரும் செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. நடுத்தண்ணீரில் பானையைக் கழற்றினால் கழிமுகமே காலியாகிவிடும். அவனும் கூடவே பறந்துவிட்டால்? ஆனாலும் பானையைத் தூக்கி வீசிவிட்டுக் கத்தினாள்.

"யோவ் சடையாண்டி! நான்தான்யா!"

ஆயிரமாயிரம் சிறகுகள் ஒரேயடியாக எழும்பின. வானம் இருண்டது. தண்ணீர் கலங்கியது. கூட்டம் வடக்கே போய் மறைந்ததும் வெள்ளையம்மா மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

தண்ணீரில் ஒரே ஒரு வாத்து மிதந்துகொண்டிருந்தது. அது கத்திக்கொண்டே நேராக அவளிடம் நீந்தி வந்தது. அவள் தண்ணீருக்குள் கையை நீட்டினாள். அது தானாகவே காலை எடுத்து அவள் கையில் வைத்தது.

அடுத்த நொடி, தலையெல்லாம் பாசியோடு சடையாண்டி நின்றான். "கல்யாணத்தன்னிக்குக்கூட என் காலைத் தொட்டுக் கும்பிடாதவ! இன்னிக்குப் பிடிச்சியா புள்ள?"

"வாயை மூடுய்யா" என்று அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள் வெள்ளையம்மா. கரையில், மூக்கின் இரண்டு பக்கமும் இறகு முறுக்கிக்கொண்டு ஒரு வாத்து குதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஐப்பசியில் இருவரும் பானையோடு இறங்கினார்கள். இறங்கியதுதான் தாமதம், மற்ற வாத்துகளையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக ஓடிவந்தது அந்த மீசை வாத்து. பானைக்குள் தலை இருப்பது அதற்குத் தெரியாதா என்ன? தெரியும். இரண்டாவதாகப் பிடிபட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தானே காலை நீட்டியது.

சடையாண்டி வெள்ளையம்மாவைப் பார்த்தான். வெள்ளையம்மா அதன் தலையைத் தடவிக்கொடுத்து ஆற்றில் விட்டாள். வருஷம் தவறாமல் இன்றைக்கும் முத்துக்கழியில் முதல் வாத்து அதுதானாம்.