சேற்றில் நட்ட கண்ணாடி

கிட்ட வந்து உட்காருங்கள். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை.

பழவேற்காட்டில், ஒரு காலத்தில் டச்சுக்காரன் கப்பல் வந்து நின்ற துறையில், எஸ்தர் என்று ஒருத்தி இருந்தாள். வெளியூர் ஆட்களைப் படகில் ஏற்றி, ஏரிக்குள் கூட்டிப்போய்ப் பூநாரைகளைக் காட்டுவாள். அவளுக்கு நாற்பது வயது. அவளிடம் தொழில் கற்க வந்த சீடருக்கோ அறுபத்தொன்று. பெயர் முனிரத்தினம். துறைக்கு எதிரிலேயே சலூன் வைத்திருந்தவர். பெண்சாதி செத்த மறுமாதம் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, "எனக்குப் படகு கத்துக்கொடும்மா" என்று வந்து நின்றார்.

முதல் நாளே எஸ்தர் சொன்னாள்: "அந்தப் பனங்கட்டையைத் தாண்டினா இன்ஜினை நிறுத்தணும். அப்புறம் மூங்கில் கழிதான். யாரையும் கைதட்ட விடக் கூடாது. தட்டினா பறவை எழும்பும். எழும்பினா பசியோட போகும்."

"தட்டினாத்தானே செவப்பு றெக்கை தெரியும்னு கேக்கறாங்களே."

"முடி வெட்டறப்போ காதையும் வெட்டுன்னு கேட்டா வெட்டுவீங்களா?"

முனிரத்தினம் அதற்கப்புறம் யாரையும் கைதட்ட விட்டதில்லை.

சாயங்காலம் படகைக் கட்டினதும் மற்ற படகுக்காரர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். "ரத்தினண்ணா, எங்க தாடி நெஞ்சைத் தொடுது, கடையை எப்போ தொறக்கிறே?" "எங்களையெல்லாம் சாமியாராக்கிட்டுத்தான் விடுவியா?"

காதில் விழாத மாதிரி நடப்பார். சலூன் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய், மறுபடி இறக்கிக்கொள்வார். உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி, நடுவே நாற்காலி. லைட்டைப் போட்டு உட்கார்ந்தால் முன்னாலும் பின்னாலும் வரிசை வரிசையாக முனிரத்தினங்கள். அவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். எல்லாரும் அவர் சொன்னதற்குத் தலையாட்டுவார்கள்.

பங்குனி கடைசி. பூநாரைகள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டன. ஒன்று மட்டும் நின்றுவிட்டது. நைலான் வலை அறுத்த கால். காயம் ஆறிக்கொண்டிருந்தது, ஆனால் அதன் கூட்டம் போய்விட்டது.

"தனியா நிக்குதே எஸ்தரம்மா. துணைக்கு என்ன செய்யறது?"

"பொறுங்க. தெற்கேருந்து இன்னும் ஒரு கூட்டம் வரணும்."

அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் விடியும்போதே சலூன் கண்ணாடியில் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய், அந்தப் பறவை நிற்கிற மேட்டில், இரண்டு கழிக்கு நடுவில் கட்டி, சேற்றில் நட்டார்.

பறவை மெள்ள வந்தது. பார்த்தது. கழுத்தை வளைத்தது. உள்ளே இருந்ததும் வளைத்தது. அன்றைக்கெல்லாம் அந்த இடத்தை விட்டு அது நகரவில்லை.

"என்ன அண்ணா, அதுக்கும் சலூன் வெச்சிட்டீங்களா? எடுத்துடுங்க," என்றாள் எஸ்தர்.

"கூட்டம் வர்ற வரைக்கும் இருக்கட்டுமே. உனக்கென்ன?"

நாலாம் நாள் கூட்டம் வந்தது. இருபது, இருபத்தைந்து இருக்கும். கூப்பிடு தூரத்தில் இறங்கி மேய்ந்துகொண்டே கத்தின. கண்ணாடி முன்னால் நின்ற பறவை ஒருதரம் தலையைத் தூக்கியது. பிறகு கண்ணாடியைப் பார்த்தது.

"கூப்பிடுறாங்க. இதுக்குக் கேக்கல," என்றாள் எஸ்தர்.

"கேட்டிருக்கும். துணைதான் இருக்கே, எதுக்குப் போகணும்?"

"நாலு நாளா மேயல. நெஞ்செலும்பு தெரியுது பாருங்க. இவங்களும் போயிட்டா இனிமே ஐப்பசிக்குத்தான் வருவாங்க. அதுக்குள்ள ஏரி வத்தி, இங்க நாய் நடந்து வரும். எடுத்துடுங்க."

"எடுத்தா மறுபடி தனியாயிடும்."

"ஆகும்."

"தனியா இருக்கறது எப்பேர்ப்பட்ட கொடுமைன்னு உனக்கென்ன..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். எஸ்தரின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஆறு வருஷம்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். முழங்கால் சேற்றில் இறங்கினாள். பறவை கொஞ்சம் விலகிப்போய் நின்றது. அவள் கண்ணாடியைப் பிடுங்கிப் படகில் கவிழ்த்துப் போட்டாள்.

பறவை திரும்பி வந்து வெறும் கழியைச் சுற்றியது. பின்பக்கம் போய்ப் பார்த்தது. கத்தியது. அந்தச் சத்தத்துக்கு முனிரத்தினம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து எஸ்தர் அவர் தோளைத் தொட்டாள். பறவை நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது தலையைக் கவிழ்த்து மேய ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் வெயில் தாழ எல்லாம் எழும்பின. கடைசியாக ஒன்று, ஒரு கால் தொங்க, எழும்பியது.

ஏரி காலியாகிவிட்டது.

கரைக்கு வந்ததும் எஸ்தர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சலூனுக்கு நடந்தாள். முனிரத்தினம் வழக்கம்போல ஷட்டரைப் பாதி தூக்கினார்.

"எனக்குக் குனிய வராது அண்ணா."

முழுக்கத் தூக்கினார். துருப்பிடித்த சத்தம் தெருவெல்லாம் கேட்டது. எஸ்தர் உள்ளே போய்க் கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தாள். மாட்டியிருந்த இன்னொன்றையும் திருப்பிப் போட்டாள்.

"கண்ணாடி இல்லாம எப்படிம்மா சவரம் பண்றது?"

"சவரம் பண்றப்போ நீங்க கண்ணாடியைப் பாப்பீங்களா, ஆளைப் பாப்பீங்களா?"

அவர் கத்தி வைத்த டப்பாவை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்.

எஸ்தர் வாசலுக்கு வந்தாள். துறையில் தாடியும் மீசையுமாக உட்கார்ந்திருந்த படகுக்காரர்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி, ஓங்கித் தட்டினாள்.